தரவைக் கொடுத்தும் ரகசியம் காப்பது எப்படி?

இயங்குதளத்தில் தரவுப் பகிர்வை அணைத்துவிட்டால் கணினியிலிருந்து எதுவுமே வெளியே போகாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமைப்புகளில் நாம் தட்டும் சுவிட்ச் ஒரு சிறிய மதிப்பை மாற்றி எழுதுகிறது. பின்னணியில் இயங்கும் சேவை, தரவை அனுப்பும் முன் அந்த மதிப்பைப் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கண்டறிதல் தரவு (கணினி எப்படி இயங்குகிறது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குப் போகும் தகவல்) கட்டாயம், விருப்பம் என இரு வகைப்படும். வீட்டுப் பதிப்பின் அமைப்புகளில் இரண்டாவதை மட்டுமே அணைக்க முடியும். ஆகவே, எதுவுமே போகாது என்று சொல்வதற்கில்லை.

இதைவிட வியப்பானது, பகிர்வு இயங்கும்போதே தனிமனித ரகசியத்தைக் காக்கும் ஒரு வழி. சங்கடமான கேள்விகளுக்கும் மக்கள் உண்மையான பதிலைத் தருவதற்காக, ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் 1965இல் முன்வைத்த யோசனை அது. அதன் எளிய வடிவத்தைப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒரு செயலியைப் பயன்படுத்துகிறீர்களா என்பது கேள்வி. உங்கள் கருவி தனக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறது. தலை விழுந்தால் உண்மையைச் சொல்கிறது. பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு ‘ஆம்’ என்றும் பூவுக்கு ‘இல்லை’ என்றும் பதில் அனுப்புகிறது. உங்களிடமிருந்து வந்த ‘ஆம்’ உண்மையா, நாணயத்தின் விளைவா என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் கூட்டத்தைப் பற்றிய உண்மை தப்புவதில்லை. 10,000 கருவிகளிலிருந்து 4,000 ‘ஆம்’ வந்தால், அவற்றில் ஏறத்தாழ 2,500 வெறும் நாணயத்தால் வந்தவை. எஞ்சிய 1,500, உண்மை சொன்ன ஏறத்தாழ 5,000 கருவிகளுடையவை. அதாவது 30 விழுக்காடு. இந்தக் கணக்கில் வழக்கமான பிழை ஒரு விழுக்காட்டுப் புள்ளி அளவே. 100 கருவிகள் மட்டும் இருந்தால் அது பத்துப் புள்ளிகளாகிவிடும். கூட்டம் பெருகப் பெருக விடை தெளிவாகிறது, தனியாள் மறைந்தே இருக்கிறார்! கணிதம் தரும் இந்த அழகு எனக்கு அலுப்பதே இல்லை.

ஒரே கேள்வியை நாள்தோறும் புதிதாகச் சுண்டிக் கேட்டால் இந்த மறைப்பு கலைந்துவிடும். உண்மையான பதில் நான்கில் மூன்று முறை வருமாதலால், சில வாரங்களில் உங்கள் விடை வெளிப்பட்டுவிடும். அதைத் தடுக்க, கருவி ஒருமுறை கலக்கிய பதிலைச் சேமித்து வைத்து, அதையே திரும்பத் திரும்ப அனுப்பலாம்.

வேறுபாட்டுத் தனியுரிமை என்ற பெயரில் 2006இல் கறாரான கணித வடிவம் பெற்ற இத்துறையின் உத்திகளை, ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10 முதல் பயன்படுத்தத் தொடங்கியது. எவ்வளவு கலக்குகிறோம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும், அதைச் சரிபார்க்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சுவிட்சை அணைப்பது இனி அனுப்பப்படுவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே போனதைத் திரும்பக் கொண்டுவராது. அதற்காக விண்டோஸின் தனியுரிமை அமைப்புகளில், கண்டறிதல் தரவை அழிக்கும் பொத்தான் தனியே இருக்கிறது.