கேமராவை வாங்கும் முன் கார்டுக் கதவைத் திறந்து பாருங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் கை ஓய்ந்துவிடும். முகூர்த்தம் கிடையாது. ஆவணிக் கல்யாணங்களின் ஆல்பங்களை முடிப்பது, பூஞ்சை பிடித்த லென்ஸ்களைச் சுத்தம் செய்யக் கொடுப்பது, வரவேண்டிய பாக்கிக்கு நடையாய் நடப்பது என்று அந்த மாதம் கழியும். உலகத்தின் மிகப் பெரிய கேமராக் கண்காட்சியும் பல காலம் அந்த மாதத்தில்தான் நடந்துவந்தது. ஜெர்மனியின் கோலோன் நகரில் 1950இல் தொடங்கிய ஃபோட்டோகினாவைத்தான் சொல்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் கூடும். வேலை இல்லாத நேரத்தில் புதுக் கேமராக்கள் வரிசையாக வந்து நின்றால் மனம் சும்மா இருக்குமா? கும்பகோணத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்து தவணைக் கடனில் கேமரா வாங்கி மூச்சுத் திணறிய தம்பிகள் பலர், அந்த முடிவைப் புரட்டாசியில்தான் எடுத்தார்கள்.

2018ஆம் ஆண்டுக் கண்காட்சியை நான் மறக்கமாட்டேன். செப்டம்பர் 26 முதல் 29 வரை நடந்தது. நான் கோலோனுக்குப் போகவில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து நான்கு நாளும் இரவெல்லாம் செய்திகளையும் காணொளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராக்களின் காலம் முடிகிறது என்று எல்லோருக்கும் புரிந்த ஆண்டு அது. ஆகஸ்ட் 23 அன்று நிக்கான் தன் முதல் முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத, கேமராக்களான இசட்7, இசட்6 இரண்டையும் அறிவித்திருந்தது. செப்டம்பர் 5 அன்று கேனான் இஓஎஸ் ஆர் வந்தது. கண்காட்சிக்கு முந்தைய நாள் லைகா, பானசோனிக், சிக்மா மூன்றும் ஒரே லென்ஸ் பொருத்தியில், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாயில், கைகோத்தன. பானசோனிக் எஸ்1, எஸ்1ஆர் இரண்டும் தயாராகிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. ஃப்யூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கேமராவை வெளியிட்டதோடு, 100 மெகாபிக்சல் கேமரா ஒன்று வரப்போவதாகவும் சொன்னது. லைகா 64 மெகாபிக்சலில் எஸ்3 கேமராவை அறிவித்தது. ஐந்து வாரத்துக்குள் இத்தனை!

மேடையில் சொல்லப்படுவது எப்போதும் பெரிய எண்கள்தான். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், எவ்வளவு இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் என்பவை. விவரப்பட்டியலின் கீழே, பேட்டரிக்கும் எடைக்கும் பக்கத்தில், இன்னொரு வரி இருக்கும். படங்கள் பதிவாகும் நினைவகக் கார்டு போட எத்தனை இடம் என்கிற வரி. இரண்டு இடம் இருந்தால் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதலாம்; ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கும். இசட்7க்கு 45.7 மெகாபிக்சல்; எக்ஸ்க்யூடி கார்டு, ஒரே இடம். இஓஎஸ் ஆருக்கு 30.3 மெகாபிக்சல், எஸ்டி கார்டு, ஒரே இடம். தவறாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை படித்தேன். தவறில்லை.

அந்த வரியைப் பார்த்து என் வயிறு ஏன் கலங்கியது என்று சொல்லவேண்டும்.

2011ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் இருந்தது ஒரே கார்டு போடும் கேமரா. காலை ஆறு மணி முகூர்த்தம். கன்னிகாதானம் முடிந்து, கூறைப்புடவை மாற்றிவர மணப்பெண் உள்ளே போன இடைவெளியில், கேமராவின் திரையில் பிழைச் செய்தி வந்தது. அணைத்துப் போட்டேன். கார்டையே காணோம் என்றது. அதன்மேல் எதுவும் எழுதிவிடக் கூடாது என்கிற அறிவு மட்டும் நல்லவேளையாக இருந்தது. உடனே எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வேறு கார்டு போட்டுத் தாலிகட்டை எடுத்தேன். விரல் நடுங்கியதில் முதல் நாலைந்து படங்கள் ஆடிப்போயின.

அன்று இரவு மீட்பு மென்பொருளை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்களில் நானூறு போலத் திரும்பி வந்தன. அவற்றுள் தாரைவார்க்கும் படம் ஒன்று இருந்தது. பெண்ணின் அப்பா குனிந்து நிற்கிறார். பக்கத்தில் அம்மா சொம்பைச் சாய்க்கிறார். சொம்பின் மூக்கிலிருந்து நீர் இறங்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே படம் இல்லை. நேர்கோடு போட்டு அறுத்ததுபோல, பாதிக்குமேல் வெறும் சாம்பல் நிறம். ஏந்திய கைகள் இல்லை, பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை. நீர் அந்தச் சாம்பலுக்குள் விழுகிறது. கோப்பின் முதல் பாதி கிடைத்து மறுபாதி சிதைந்துபோனால் ஜேபெக் படம் இப்படித்தான் திறக்கும்.

மறுநாள் பெண் வீட்டுக்குப் போய் மறைக்காமல் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. “தாரைவார்த்தது மட்டுமாவது இருக்கிறதா தம்பி?” என்று கேட்டார். “இல்லை ஐயா, வீடியோவிலிருந்து எடுத்துத் தருகிறேன்” என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மீதிப் பணத்தைக் குறைக்காமல் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

“ஃபிலிம் காலத்தில் ஏது இரண்டாவது கார்டு? அப்போது மட்டும் கல்யாணம் நடக்கவில்லையா?” என்று என் வயதுக்காரர்களே கேட்பதுண்டு. நானும் ஃபிலிமில் தொடங்கியவன்தான். ஒரு கல்யாணத்துக்கு ஆறு ரோல் போடுவோம். ஒன்று கெட்டால் போவது 36 படம். மீதி ஐந்து ரோல் வேறு டப்பாவில் பத்திரமாக இருக்கும். இன்று ஒரே கார்டில் மாலை மாற்றுவது முதல் பந்தி வரை இரண்டாயிரம் படங்கள் இருக்கின்றன. விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் துண்டு அது. எஸ்டி கார்டை ஒருமுறை விளிம்பில் உற்றுப் பாருங்கள். இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டியதுதான். இரண்டு சீசன் போட்டு எடுத்தால் ஒட்டு விடத் தொடங்கும். பின்பக்கம் தொடுமுனைகளைப் பிரிக்கும் மெல்லிய வரம்புகள் உடைந்துபோகும். பக்கவாட்டுப் பூட்டு கழன்று எங்கோ விழுந்துவிடும். என் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்டவை ஏழெட்டுக் கிடக்கின்றன.

கேமரா செய்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமா? இல்லை. 2010இல் ஃபோட்டோகினாவுக்குச் சில நாள் முன்பு அறிவிக்கப்பட்ட நிக்கான் டி7000 நடுத்தர விலைக் கேமராதான். அதில் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். 2008இல் உலகமே பேசிய கேனான் 5டி மார்க் 2 ஒற்றைக் கார்டுக் கேமரா. 2012இல் வந்த மார்க் 3இல் இரண்டு இடம் வந்துவிட்டது. அதாவது, தொழில்முறைக் கலைஞர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற ஒன்று 2018இல் சத்தமில்லாமல் பறிபோனது. டி7000ஐப்போல இருமடங்கு, மும்மடங்கு விலை கொடுக்கவும் சொன்னார்கள். எனக்கு வந்த கோபம் அதனால்தான்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்க்யூடி உலோக உறை போட்ட உறுதியான கார்டு. எஸ்டியோடு அதை ஒப்பிடவே முடியாது. உடலைச் சிறிதாக்கும்போது உள்ளே ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. மலையேறிப் படம் எடுப்பவருக்கும் பறவை பார்ப்பவருக்கும் ஒற்றைக் கார்டு போதும். இன்று தவறினால் நாளை அதே குளத்துக்குப் போகலாம். கல்யாணம் அப்படியில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி மணையில் உட்காரச் சொல்ல முடியாது.

அதே கண்காட்சியில் பானசோனிக் அறிவித்த இரு கேமராக்களுக்கும் எக்ஸ்க்யூடி ஒன்று, எஸ்டி ஒன்று என இரண்டு இடம் இருந்தது. ஜிஎஃப்எக்ஸ் 50ஆரிலும் இரண்டு. சோனி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஏ7 மூன்றாம் தலைமுறையில் இரண்டு கொடுத்துவிட்டது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எதிர்த்திசையில் போனது ஸைஸ் நிறுவனத்தின் இசட்எக்ஸ்1. அதில் கார்டு போட இடமே இல்லை. 512 ஜிபி நினைவகம் உடலுக்குள்ளேயே இருக்கும். படத்தைக் கேமராவிலேயே திருத்தி அங்கிருந்தே அனுப்பலாம். அழகான பொருள், மறுக்கவில்லை. 2020 கடைசியில் 6,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் மண்டபத்தில் அது கீழே விழுந்து உயிரை விட்டால், அன்றைய கல்யாணமும் அதனோடு சர்வீஸ் சென்டருக்குப் போகும்.

அந்த ஆண்டு கடைசியில் சென்னைக்குப் போனபோது ஷோரூம் ஒன்றில் புது மிரர்லெஸ் கேமராக்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடைத் தம்பி கண்ணை அடையாளம் கண்டு ஃபோகஸ் பிடிப்பதைக் காட்டினார். இஓஎஸ் ஆரை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொண்டு சென்சாரைத் தூசியிலிருந்து காப்பதைக் காட்டினார். ஓமப்புகைக்கு நடுவில் லென்ஸ் மாற்றுகிறவனுக்கு அது பெரிய வரம். மனதாரப் பாராட்டினேன். கையோடு கார்டுக் கதவைத் திறந்தேன். கார்டே இல்லை. அவ்வளவு நேரமும் ‘டிக் டிக்’ என்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. கார்டு இல்லாமலே ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பு ஒன்று மெனுவில் இருக்கிறது. கண்காட்சியிலும் கடையிலும் வருகிறவர்கள் அழுத்திப் பார்க்க வசதியானது அது. பல கேமராக்களில் அது திறந்த நிலையிலேயே உங்கள் கைக்கு வருகிறது. சிலவற்றில் எடுத்த படம் திரையில்கூடத் தெரியும், எங்கும் பதிவாகியிருக்காது. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் செய்வது அதை அணைப்பதுதான். தேதியும் நேரமும் அப்புறம்.

2020இல் நிலைமை மாறியது. ஜூலையில் வந்த கேனான் ஆர்5, ஆர்6 இரண்டிலும் இரண்டு கார்டு. அக்டோபரில் நிக்கான் இசட்6, இசட்7 இரண்டுக்கும் இரண்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தது, அவற்றிலும் இரண்டு. இரண்டே ஆண்டு பொறுத்திருந்தவர்களுக்கு, கேட்டது கிடைத்தது. முதல் வாரத்தில் ஓடிப்போய் வாங்கியவர்களுக்குத் தவணை அப்போதும் மீதி இருந்தது. புதிதாகத் தொடங்கும் வரிசையின் முதல் கேமராவைப் பிழைப்புக்காக வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தில்தான். அந்த ஆர்5கூட 8கே காணொளியை ஏறத்தாழ 20 நிமிடம்தான் தொடர்ந்து பதிவுசெய்யும், பிறகு சூடாறவேண்டும் என்று நிறுவனமே அட்டவணை போட்டுச் சொன்னது. இதுவும் கீழ்வரியில் இருந்த செய்திதான்.

இரண்டு இடம் இருப்பதாலேயே இரண்டு பிரதி இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். போன வாரம் என்னிடம் முன்பு உதவியாளராக இருந்த தம்பி ஒருவர் வந்திருந்தார். இப்போது தனியாகத் தொழில் செய்கிறார், நல்ல கை. இரண்டு கார்டுக் கேமரா, இரண்டிலும் கார்டு இருக்கிறது. “அண்ணே, நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன்” என்று கேமராவைக் கொடுத்தார். மெனுவைத் திறந்து பார்த்தேன். முதல் கார்டு நிறைந்தால் அடுத்ததற்குப் போ என்கிற நிலையில் இருந்தது. அவரிடம் இருப்பதோ 128 ஜிபி கார்டு. அது எந்தக் கல்யாணத்தில் நிறையப்போகிறது? ஒன்றரை வருடமாக இரண்டாவது கார்டில் ஒரு படம்கூட விழவில்லை. பேச்சு வராமல் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே மாற்றினோம். இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதும் நிலை வேண்டும். ரா கோப்பு (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் மூலக் கோப்பு) ஒன்றில், பெரிய அளவு ஜேபெக் மற்றொன்றில் என்றாலும் போதும். இரண்டாவது கார்டு மந்தமானதாக இருந்தால் கேமராவே அதற்காகக் காத்திருக்கும், தாலிகட்டும் நேரத்தில் ஷட்டர் திணறும். அவரிடம் இருந்தது பழைய கார்டு, அதனால் வேகமானது ஒன்று வாங்கச் சொன்னேன். வீடு திரும்பும்போது இரண்டு கார்டும் ஒரே பையில் போகக்கூடாது. ஒன்று என் சட்டைப்பையில், மற்றொன்று உதவியாளரிடம். கணினியிலும் வெளி வட்டிலும் ஏற்றி முடிக்கும்வரை இரண்டையும் அழிப்பதில்லை.

ஃபோட்டோகினா இப்போது இல்லை. கொரோனாவில் 2020ஆம் ஆண்டுக் கண்காட்சி ரத்தானது. காலவரையின்றி நிறுத்துவதாக அந்த நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். ஜப்பானின் யோக்கோஹாமாவில் நடக்கும் சிபி பிளஸ் கண்காட்சியைத்தான் இப்போது எல்லோரும் பார்க்கிறோம், மாசி மாதத்தில். ஒற்றைக் கார்டுக் கேமராக்கள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. சோனி ஏ7சி இரண்டாம் தலைமுறையும் கேனான் ஆர்8உம் 2023இல் வந்தவை. சிறிய உடல், அருமையான சென்சார், ஒரே கார்டு. பயணத்துக்கு வாங்குங்கள், மணமேடைக்கு வேண்டாம். உயர்விலைக் கேமராக்களில் சில நல்ல வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஹாசல்பிளாட் எக்ஸ்2டியில் உள்ளேயே 1 டிபி நினைவகம், அதோடு ஒரு கார்டு. லைகா எம்11இல் உள்ளே 64 ஜிபி, வெளியே ஒரு கார்டு.

தம்பி போகும்போது மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாரைவார்க்கும் படத்தை எடுத்துக் காட்டினேன். அச்சடித்து வைத்திருக்கிறேன். வாங்கி, சாம்பல் தொடங்கும் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டு, கார்டு வாங்க நேராகக் கடைக்குப் போனார். ஐப்பசியின் முதல் முகூர்த்தத்துக்கு அவரிடம் அட்வான்ஸ் கொடுத்த வீடு இரண்டு இருக்கிறது.