கிரெடிட் ஸ்கோர்: கடன் மதிப்பெண்ணா, நாணய மதிப்பெண்ணா?

‘கிரெடிட் ஸ்கோர்’ என்பதைத் தமிழில் பெரும்பாலும் ‘கடன் மதிப்பெண்’ என்று எழுதுகிறோம். எனக்கு அது எப்போதும் நெருடும். ‘அவருக்குக் கடன் மதிப்பெண் அதிகம்’ என்று கேட்டால் கடன் அதிகம் என்றல்லவா காதில் விழுகிறது? சொல்ல வந்தது, வாங்கியதை ஒழுங்காகக் கட்டுபவர் என்பது.

லத்தீனில் ‘கிரெடெரே’ என்றால் நம்புதல். நம்பி ஒப்படைத்த பொருள் ‘கிரெடிட்டும்’. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஸ்கோர்’ வடக்கிலிருந்து வந்த சொல். பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கோர்’ என்றால் எண்ணிக்கைக்காகக் குச்சியில் வெட்டும் கீறல். ஆக, இரண்டையும் சேர்த்தால் நம்பிக்கையைக் கீறி வைத்த கணக்கு.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. வாங்கினால் கடன், கணக்கில் ஏறினால் வரவு, ஆளைப் பற்றிச் சொன்னால் நாணயம். காசுக்கும் சொன்ன சொல் தவறாமைக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்! ‘கடன் தகுதி மதிப்பெண்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தகுதியை முடிவு செய்வது கடன் கொடுப்பவர். அவர் சம்பளத்தையும் பார்ப்பார். அமெரிக்காவில் வழங்கும் ‘ஃபிகோ’ போன்ற மதிப்பெண்களில் சம்பளத்துக்கு இடமே இல்லை. கை நிறையச் சம்பாதித்துத் தவணையைத் தள்ளிப்போடுபவரைவிட, கொஞ்சம் சம்பாதித்து நாள் தவறாமல் கட்டுபவருக்கு எண் கூடும். அதனால் ‘கடன் நாணய மதிப்பெண்’ என்பதே என் தேர்வு. ‘கடன்’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. கடனே வாங்காத நாணயமான மனிதருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அது அவருடைய குறையல்ல.

சரி, சொல் முடிந்தது. அது குறிக்கும் பொருள் ஒன்றல்ல என்பதுதான் பலரைக் குழப்புகிறது. அமெரிக்காவில் 1956-இல் பொறியாளர் பில் ஃபேரும் கணித அறிஞர் ஏர்ல் ஐசக்கும் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் பெயர்களிலிருந்து வந்ததுதான் ‘ஃபிகோ’. எல்லா வகைக் கடனுக்குமான அதன் பொது மதிப்பெண் 1989-இல் வந்தது. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று தகவல் நிறுவனங்களும் சேர்ந்து 2006-இல் ‘வேன்டேஜ்ஸ்கோர்’ கொண்டுவந்தன. இன்று இரண்டும் 300 முதல் 850 வரை. ஆனால் கணக்கிடும் முறை வேறு. ஃபிகோ எண் வர, குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு ஒன்றாவது வேண்டும். வேன்டேஜ்ஸ்கோருக்கு ஒரு மாதக் கணக்குகூடப் போதும்.

ஒருவர் காலையில் செல்பேசிச் செயலியில் 742 பார்க்கிறார் என்று வையுங்கள். மாலையில் கார் கடன் கேட்ட இடத்தில் 718 என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. செயலி காட்டியது வேன்டேஜ்ஸ்கோர். கடன் கொடுப்பவர் பார்த்தது கார் கடனுக்கென்றே உள்ள ஃபிகோ. அதன் அளவுகோலே 250 முதல் 900 வரை. அப்புறம், எல்லாக் கடன் நிறுவனங்களும் மூன்று தகவல் நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்புவதில்லை. ஒன்றில் இருக்கும் கணக்கு மற்றொன்றில் இல்லாமல் போகலாம். போதாததற்கு, ஒரே மதிப்பெண்ணுக்குப் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று பல உண்டு. ஆகவே எண்ணைச் சொல்லும்போது யாருடையது, எந்தப் பதிப்பு, அளவுகோல் எதுவரை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் முழுமையாகும்.

இந்தியாவில் எல்லோரும் ‘சிபில் ஸ்கோர்’ என்றே சொல்கிறோம். சிபில் ஒரு நிறுவனத்தின் பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவையும் ரிசர்வ் வங்கி உரிமத்துடன் மதிப்பெண் தருகின்றன. எனவே சிபில் பொதுப்பெயர் அல்ல, ஒரு வகையின் பெயர்.

இன்னும் இரண்டு சொற்களை இதோடு கலக்கக் கூடாது. ‘கிரெடிட் ரேட்டிங்’ என்பது நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் எழுத்துகளால் தரும் தரமதிப்பீடு. ‘கிரெடிட் ரிப்போர்ட்’ என்பது கடன் வரலாற்று அறிக்கை. மதிப்பெண் அந்த அறிக்கையிலிருந்து கணக்கிடப்படுகிறது. கட்டி முடித்த கடன் பாக்கி என்று காட்டினால், திருத்தக் கேட்க வேண்டியது அறிக்கையை.