கன்ஸ்ட்ரக்ட்: பொருள்கோள் அச்சு

உளவியல் நூல்களைத் தமிழாக்கும்போது 'கன்ஸ்ட்ரக்ட்' என்ற சொல்லைக் 'கருத்து' என்றோ 'கட்டமைப்பு' என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கட்டமைப்பு 'ஸ்ட்ரக்சருக்கு' உரியது. 'கருத்து' அதைவிட மோசம். இந்தச் சொல்லைத் தம் கோட்பாட்டின் நடுவில் வைத்த அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி, தருக்கவியலார் சொல்லும் கருத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டத்தான் அவ்வளவு மெனக்கெட்டார்.

இலத்தீனில் 'கன்ஸ்ட்ரூவெரே' என்றால் சேர்த்து அடுக்குவது, கட்டுவது. ஆங்கிலம் இதிலிருந்து இரண்டு வினைகளை எடுத்துக்கொண்டது. 'கன்ஸ்ட்ரக்ட்' கட்டுவது, 'கன்ஸ்ட்ரூ' பொருள்கொள்வது. இரண்டாவது, இலத்தீன் வாக்கியத்தில் எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்த்துப் பொருள் சொல்லும் இலக்கண வகுப்பில் புழங்கிய சொல். செய்யுளின் சொற்களை இணைத்துப் பொருள் காணும் முறையாக நன்னூல் எட்டு வகையாகச் சொல்லும் பொருள்கோளும் ஏறக்குறைய இதே வேலைதான். கெல்லிக்கு வேண்டியதும் இந்த இரண்டாம் வினையே.

1955இல் இரண்டு தொகுதிகளாக வந்த தம் நூலில், மனிதர் உலகை இருமுனை அளவைகளால் பொருள்கொள்கிறார் என்றார் கெல்லி. இந்த அளவைதான் அவர் சொல்லும் கன்ஸ்ட்ரக்ட். ஒருவருடைய அளவைகளைக் கண்டறிய அவர் வகுத்த சோதனை எளிது: தெரிந்தவர்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, மூன்று மூன்றாக எடுத்து, எந்த இருவர் எதில் ஒத்திருக்கிறார்கள், மூன்றாமவர் எதில் வேறுபடுகிறார் என்று கேட்பது. ஒருவர் 'அமைதியானவர்' என்பதற்கு எதிராகக் 'கோபக்காரர்' என்பார். இன்னொருவர் 'கலகலப்பானவர்' என்பார். சொல் ஒன்று, அளவை வேறு.

முறைசார் தருக்கத்தில் இப்படி நடக்காது. அங்கே 'அ' என்பதன் எதிர் 'அ அல்லாதது'. மீதி உலகம் முழுவதும் அதில் அடங்கும். 'நாற்காலி நேர்மையானது அல்ல' என்பது அங்கே பிழையற்ற, உண்மையான கூற்று. கெல்லியிடமோ நேர்மையானவர்–வஞ்சகர் என்னும் அளவை நாற்காலிக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வோர் அளவைக்கும் செல்லுபடியாகும் எல்லை ஒன்று உண்டு. வெளியே உள்ளது எதிர்முனையில் சேராது. மறுத்தல் வேறு, பொருந்தாமை வேறு. தருக்கநூல் படித்தவர்கள் கெல்லியைத் தவறாக வாசிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கணிதமும் இயற்பியலும் பயின்ற கெல்லி, கன்ஸ்ட்ரக்டை வரைபடத்தின் அச்சுக்கு ஒப்பிட்டார். அதனால் 'பொருள்கோள் அச்சு' என்பதே என் பரிந்துரை. கொஞ்சம் நீளம்தான். இடம் தெளிவாக இருந்தால் 'அச்சு' மட்டுமே போதும்.

'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்பதற்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பிலிருந்து கிடைக்கும் 'கட்டுமானவாதம்' சுவிஸ் உளவியலாளர் பியாஜேக்குப் பொருந்தும். குழந்தை அறிவைக் கட்டுகிறது என்றவர் அவர். 11, 12 வயதுக்குப் பிறகான சிந்தனையை விளக்க, கூற்றுகளை 'மற்றும்', 'அல்லது', 'எனில்' என்று இணைத்துப் பார்க்கும் கூற்றுத் தருக்கத்தையே மாதிரியாகக் கொண்டார். சக உளவியலாளர் இன்ஹெல்டருடன் சேர்ந்து இதைப் பற்றி அவர் எழுதிய நூலும் 1955இல்தான் வெளிவந்தது. கெல்லியின் உளவியலுக்கு அதே பெயரை ஒட்டினால் வாசகர் கொத்தனாரைத் தேடுவார். அங்கே 'பொருள்கோள் உளவியல்' என்று எழுதலாம்.