கம்ப்ரசர் ஓட்டையும் எண்ணூறு மரமும்

நம் துணியை வாங்கும் பையர் கேட்டது, ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கார்பன் என்ற கணக்கு. திருப்பூரிலிருந்து போவது மரக்கன்று நடும் படம். பச்சைத் தொப்பி போட்ட தொழிலாளர்கள், நடுவில் ரிப்பன் கட்டிய மண்வெட்டியோடு முதலாளி. கேள்வித்தாள் அப்படியே திரும்பி வந்ததும், ‘இவ்வளவு செய்தும் திருப்தி இல்லையே’ என்ற புலம்பல். அந்தப் படத்தில் பையருக்கு வேண்டிய எண் ஒன்றுகூட இல்லை என்பதை எத்தனை முறைதான் சொல்வது?

சி.எஸ்.ஆர். என்னும் நிறுவன சமூகப் பொறுப்புச் செலவு வேறு, கார்பன் குறைப்பு வேறு. இரண்டுக்கும் ஒரே அதிகாரி, ஒரே கோப்பு என்பதால் வந்த குழப்பம் இது. சி.எஸ்.ஆர். என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. ஆனாலும் பல பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள் ‘சி.எஸ்.ஆர். கட்டாயம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. நல்ல காரியம் செய்யுங்கள், சட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

இன்னொன்று. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். ஆகாது. உங்கள் பாய்லருக்குப் புது பர்னர், உங்கள் கூரைக்கு சோலார் எல்லாம் உங்கள் தொழில் செலவு. பக்கத்து அரசுப் பள்ளிக்கு சோலார் போட்டுக் கொடுத்தால் அது சி.எஸ்.ஆர்.; ஆனால் அந்தப் பள்ளியின் கரண்ட் பில்லில் குறைந்த கார்பனை உங்கள் மில்லின் கணக்கில் கழிக்க முடியாது. கன்றுக்கும் அதே கதிதான். புகைபோக்கியில் போனது போனதுதான். ஆயிரம் கன்று நட்டாலும் உங்கள் பாய்லர் எரித்த விறகில் ஒரு குச்சி குறைவதில்லை.

கணக்காகவே பார்ப்போம். கம்ப்ரசர் அழுத்திய காற்றை மெஷின்களுக்குக் கொண்டுபோகும் ஏர் லைன் 7 பார் அழுத்தத்தில் ஓடும்போது, அதில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் சுமார் 3 கிலோவாட் வீண். 24 மணி நேரம், 330 நாள் ஓடும் மில்லில் அது 23,760 யூனிட். நம் கிரிட் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் ஆண்டுக்கு 16 டன்னுக்கு மேல். நன்றாக வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ உள்ளிழுக்கும் என்ற வழக்கமான கணக்கில் வைத்தாலும், அந்த ஒரே ஓட்டைக்கு எண்ணூறு மரம் வேண்டும். வளர்ந்த மரம், கன்று இல்லை. யூனிட் 8 ரூபாய் என்றால் 1.9 லட்சம் ரூபாயும் அதே ஓட்டை வழியே போகிறது. இப்படி ஆறு ஓட்டை சேர்ந்தால், 100 கிலோவாட் கூரை சோலார் ஓராண்டு முழுக்கத் தருவதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிடும். சோலாருக்குக் கடன் வாங்குமுன், ஓட்டையைத் தேட சோப்பு நுரையும் பிரஷும் வாங்குங்கள்.

லீக் எவ்வளவு என்று பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. வார விடுமுறை நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். எந்த மெஷினும் காற்று எடுக்காதபோது கம்ப்ரசர் லோடு ஆனால், அதாவது காற்றை அழுத்தத் தொடங்கினால், அது முழுக்க லீக்குக்காகத்தான். லோடில் இருக்கும் நேரத்தையும் அன்லோடில் (காற்றை அழுத்தாமல் சும்மா) இருக்கும் நேரத்தையும் பத்துச் சுற்றுக்குக் குறித்து, லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். 500 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கம்ப்ரசர் ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்றால் லீக் கால் பங்கு, 125 சி.எஃப்.எம். கிட்டத்தட்ட 20 கிலோவாட். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பராமரிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

ஓட்டை பெரும்பாலும் பெரிய பைப்பில் இருக்காது. குயிக் கப்ளர், ஹோஸ் கிளிப், ஃபில்டர் ரெகுலேட்டர் கிண்ணம், தூசி அடைத்து மூடாமல் நிற்கும் ஆட்டோ டிரெயின் (லைனில் சேரும் தண்ணீரைத் தானே வெளியேற்றும் வால்வு), இவற்றைப் பாருங்கள். அடைத்த கையோடு அழுத்தத்தையும் குறையுங்கள். 5.5 பார் போதுமான மெஷினுக்கு 7.5 பார் எதற்கு? ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரத்தில் 6 முதல் 10 சதவீதம் மிச்சம். உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் கன்னால் ஊதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மின்சாரத்துக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் காதுக்கும் கேடு.

சாயப்பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீம். ஸ்டீமைப் பிடித்து வைத்து, சுருங்கிய தண்ணீரை மட்டும் வெளியே விடும் ட்ராப் அடைத்துக்கொண்டால் மாற்றாமல் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவது ஒரு தீராத பழக்கம். மெஷினில் சுருங்க வேண்டிய ஸ்டீம் நேரே டிரெயினுக்குப் போகிறது. பாய்லருக்குத் திரும்பி வர வேண்டிய கண்டன்சேட்டை, அதாவது ஸ்டீம் சுருங்கிய சுடுதண்ணீரை, சாக்கடையில் விடுவது அதைவிடக் கொடுமை. பாய்லருக்குப் போகும் ஃபீட் வாட்டர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். 35 டிகிரியை 65 ஆக்கினால் 5 சதவீதம். ‘காயில் ஓட்டையாகி சாயம் கலந்தால் பாய்லர் கெடுமே’ என்ற பயம் நியாயமானதுதான். அதற்குத் திரும்பும் லைனில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து, அளவு ஏறினால் திருப்பிவிடும் வால்வு போதும். டேங்க் மிகவும் சூடானால் ஃபீட் பம்ப் நீராவி வாங்கி உதறும்; டேங்கை உயரத்தில் வையுங்கள்.

லிக்கர் ரேஷியோவையும், அதாவது ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதையும், கவனியுங்கள். 500 கிலோ துணிக்கு 1:8 என்றால் 4,000 லிட்டர், 1:6 என்றால் 3,000. அந்த ஆயிரம் லிட்டரை ஒவ்வொரு சாயக் குளியலிலும் சூடாக்குகிறீர்கள், உப்புப் போடுகிறீர்கள், கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆவியாக்கவும் செய்கிறீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் தின்னும் ஆற்றல் கொஞ்சநஞ்சமல்ல. பொது நிலையத்துக்கு அனுப்புகிறவர்களும் தப்ப முடியாது. உங்கள் பங்கு ஸ்கோப் 3இல், அதாவது உங்களுக்காக மற்றவர்கள் வெளியிடும் கார்பன் கணக்கில், வரும்.

கணக்கெழுதும்போது மூன்று பொய்கள் வழக்கமாக வருகின்றன. ‘விறகு பாய்லர், ஆகவே பூஜ்யம்.’ விறகின் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்ட வேண்டும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இலேயே, அதாவது உங்கள் இடத்திலிருந்து நேரடியாக வெளியாவதன் கணக்கிலேயே, சேரும். பச்சை விறகை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு ஈரத்தை விரட்டவே போகும் என்பது தனிக்கதை. ‘சொந்தக் காற்றாலை இருக்கிறது.’ அதன் ஆர்.இ.சி. எனும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழை விற்றுக் காசாக்கிவிட்டீர்களா? பசுமையையும் சேர்த்து விற்றுவிட்டீர்கள். அதை மறுபடி உங்கள் கணக்கில் காட்டுவது ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்பதற்குச் சமம். மூன்றாவது பொய் அல்ல, மறதி: ஏ.சி. கேஸ். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மெக்கானிக் தந்த ரீஃபில் பில்லைத் தேடி எடுங்கள்.

மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நிழலுக்கு, பறவைக்கு, நிலத்தடி நீருக்கு நடுங்கள். ஆனால் ஜூன் 5ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினப் படத்துக்காக நடாதீர்கள். மலை மறைவில் இருக்கும் நம் பக்கம் நல்ல மழை ஐப்பசியில்தான். ஜூனில் வைத்த கன்று காற்றில் காய்ந்து, அடுத்த ஜூனில் அதே குழிக்குப் புதுக் கன்று வருகிறது. ஐப்பசியில் நடுங்கள், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள், மூன்றாம் ஆண்டு உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணி எழுதுங்கள்.

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். ஃபிட்டர் கேட்கும் இரண்டாயிரம் ரூபாய் கப்ளருக்கு மூன்று கையெழுத்து கேட்டு ஒரு மாதம் இழுக்காதீர்கள். அந்த ஒரு மாதத்தில் அந்த ஓட்டை பதினைந்தாயிரத்துக்கு மேல் தின்றிருக்கும்.