பத்தில் ஒருவருக்கு விழும் தாயம்

பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சாம்பார் வாளி நெருங்குகிறது. சிறுவனின் இடக்கை தன்பாட்டில் சோற்றை நோக்கி நீள, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டுகிறார். "சோற்றாங்கை எதுடா?" அந்தக் கேள்வியை நானும் வாங்கியிருக்கிறேன். கைகளுக்கு அவை செய்ய வேண்டிய வேலையையே பெயராகச் சூட்டிய மொழி நம்முடையது. ஒன்று சோற்றாங்கை, மற்றது பீச்சாங்கை. பிறகு எந்தக் குழந்தை தைரியமாக இடக்கையை நீட்டும்?

ஆனாலும் நீட்டுகிறது. தட்டத் தட்ட நீட்டுகிறது. சுமார் 24 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2020இல் வெளிவந்த ஆய்வு, உலகில் 10.6 சதவீதம் பேர் இடக்கையர் என்று கணக்கிட்டது. பெண்களைவிட ஆண்களிடம் சற்று அதிகம். எழுதுவதை மட்டும் பார்க்கிறோமா, பல வேலைகளையும் சேர்த்துப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறி இறங்கும். கைப்பழக்கம் அவ்வளவு கறாரான பிரிவு அல்ல. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால். மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலக்கைக்காரராக. நம் வாஷிங்டன் சுந்தர் இடக்கை ஆட்டக்காரர், பந்து வீசுவதோ வலக்கையால். ஆகவே கிரிக்கெட் மட்டையை வைத்து யாரையும் இடக்கையர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்குகிறது? பள்ளிக்கூடம் போகும்போது, கரண்டி பிடிக்கும்போது என்றெல்லாம் நினைப்போம். அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளர் அதற்கும் முன்னால் போய்ப் பார்த்தார். கருவுக்குள் விரல் சூப்பும் சிசுக்களை ஸ்கேனில் கவனித்து, எந்தக் கட்டைவிரல் என்று குறித்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்தார். வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், வலக்கையர். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர். மீதி ஐந்து பேர் வலப்பக்கம் மாறியிருந்தார்கள். பெரியம்மாவின் தட்டு அந்த ஐவர் மீது விழுந்ததா, இல்லை அவர்களின் உடலே மனம் மாறியதா என்பதை ஸ்கேன் சொல்லாது.

பத்தாவது வாரத்திலேயே பெரும்பாலான சிசுக்கள் வலக்கையை அதிகம் அசைக்கின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. கையை ஆட்டுவிப்பது மூளை என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்த வயதில் மூளையின் இயக்கப் பகுதி தண்டுவடத்தோடு இணைந்து வேலை செய்யவே தொடங்கியிருக்காது. அப்படியானால் யார் உத்தரவு கொடுப்பது? 2017இல் ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள், 8 முதல் 12 வார வயதுள்ள கருவின் தண்டுவடத்தில் இடப் பாதிக்கும் வலப் பாதிக்கும் ஜீன்களின் செயல்பாட்டில் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். கைப்பழக்கத்தின் முதல் வரி தலையில் எழுதப்படுவதில்லை, முதுகில் எழுதப்படுகிறது என்பது அவர்களின் கருத்து. தலையெழுத்து என்று இனிமேல் சொல்ல முடியாது போலிருக்கிறது.

ஜீன் என்ற சொல் வந்துவிட்டால் உடனே "அப்பாவுக்கு இருந்தது, பிள்ளைக்கும் வந்தது" என்று முடித்துவிடத் தோன்றும். இங்கேதான் கதை வழுக்குகிறது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களைப் பாருங்கள். ஜீன்களைப் பொறுத்தவரை ஒருவர் மற்றவரின் நகல். அப்படிப்பட்ட இரட்டையர் இணைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், ஒருவர் வலக்கையர், மற்றவர் இடக்கையர். இப்போது ஒரு சின்னக் கணக்கு. உறவே இல்லாத இருவரைத் தெருவிலிருந்து அழைத்து வாருங்கள். ஒவ்வொருவரும் இடக்கையராக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. இருவரும் வெவ்வேறு கையராக அமைய 100க்கு 18 வாய்ப்பு. ஏறக்குறைய அதே எண்! ஒரே ஜீன்களைச் சுமந்து, ஒரே கருவறையில் கிடந்து வந்தவர்களும் முன்பின் தெரியாதவர்களைப் போலத்தான் கை பிரிகிறார்கள்.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கைப்பழக்க வேறுபாட்டில் சுமார் கால் பங்கை மரபு விளக்குகிறது என்பது பொதுவான மதிப்பீடு. 17 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசிய ஆய்வு ஒன்று, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் தரும் உந்துதல் மிகச் சிறியது. இவற்றில் பல நுண்குழாய்களோடு சம்பந்தப்பட்டவை. செல்லுக்குள் பந்தல்கால் போல நின்று அதன் வடிவத்தைத் தாங்குபவை அவை. நரம்புச் செல்கள் எந்தத் திசையில் நீள வேண்டும் என்பதிலும் அவற்றுக்குக் கை உண்டு. கருவின் இட வல வேறுபாடு இத்தகைய சாரக்கட்டில்தான் முளைக்கிறதோ என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

மீதி? தாயக்கட்டைதான். ஒரு பக்கம் கனம் கூட்டி வைத்த கட்டை; பத்துக்கு ஒன்பது தடவை வலப்பக்கம் விழும். கரு வளரும்போது வேதிப்பொருள்களின் அளவில் ஏற்படும் சின்னஞ்சிறு தற்செயல் ஏற்ற இறக்கங்கள் அந்தக் கட்டையை உருட்டுகின்றன. ஜீன்கள் கனத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஆட்டத்தை முடிவு செய்ய முடியாது.

இதயம் இடப்பக்கம் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கலாம். அது வேறு ஆட்டம். கருவின் ஆரம்ப நாட்களில் நுண்ணிய மயிரிழைகள் ஒரே திசையில் சுழன்று, சுற்றியுள்ள திரவத்தை இடப்பக்கம் தள்ளுகின்றன. அந்த ஓட்டம்தான் உறுப்புகளின் பக்கத்தைத் தீர்மானிக்கிறது. பிறவிக் கோளாறால் மயிரிழைகள் அசையாமல் போனவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் மாறியிருக்கும். அப்படி இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களிலும் பெரும்பாலோர் வலக்கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

இடக்கையர்கள் "வலது மூளைக்காரர்கள்", ஆகவே கலைஞர்கள் என்ற பேச்சு ஒன்று உலவுகிறது. எனக்கும் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகளில் பெரும்பகுதி மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போவதால், இடக்கையை வலது மூளை ஆள்கிறது என்பது சரி. மொழியோ அப்படி இடம் மாறுவதில்லை. வலக்கையர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்குப் பேச்சின் பொறுப்பு இடது மூளையில். இடக்கையர்களிலும் 70 சதவீதத்துக்கு மேல் அதே இடத்தில்தான். மற்றவர்களுக்கு வலப்பக்கமோ, இருபக்கமும் பகிர்ந்தோ அமைகிறது. பக்கவாதம் வந்தவரின் பேச்சு போகுமா, தங்குமா என்று பார்க்கும் மருத்துவருக்கு இது முக்கியம். கவிதை எழுதுவதற்கு அல்ல.

எதிரி எதிர்பாராத பக்கத்திலிருந்து அடி விழுவதால் சண்டையில் இடக்கையருக்குச் சாதகம், அதனால்தான் இந்தச் சிறுபான்மை அழியாமல் தங்கியது என்ற கருதுகோளும் உண்டு. மேசைப்பந்து போல யோசிக்க நேரமில்லாத விளையாட்டுகளின் உச்சியில் இடக்கையர்கள் விகிதத்துக்கு மீறித் தென்படுவது அதற்குத் துணை. இடக்கையர் பெருகிவிட்டால் வியப்பு போய்விடும், சாதகமும் போய்விடும். ஆகவே எண்ணிக்கை தானாகவே கட்டுக்குள் நிற்கும் என்கிறார்கள். அழகான விளக்கம். வாள்வீச்சு மேடைக்குப் பொருந்துவது கற்கால மனிதருக்கும் பொருந்தியதா என்று நிரூபிப்பதுதான் கடினம்.

அன்றாடத்தில் எங்களுக்குச் சாதகம் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கையின் அழுத்தம் அதன் இரு அலகுகளையும் நெருக்கும். இடக்கையின் அழுத்தம் விலக்கும். துணி வெட்டுப்படாமல் இடுக்கில் மடிந்து நிற்கும். கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் அது வலக்கைக் கோல்தான்.

1991இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு பெரும் பீதியைக் கிளப்பியது. தெற்கு கலிபோர்னியாவில் இறந்தவர்களின் வயதை ஒப்பிட்ட டயான் ஹால்பெர்ன், ஸ்டான்லி கோரன் இருவரும், வலக்கையர் சராசரியாக 75 வயதில் இறந்ததாகவும், இடக்கையர் 66 வயதிலேயே இறந்ததாகவும் எழுதினார்கள். ஒன்பது ஆண்டு வித்தியாசம்! புகைபிடிப்பதற்குக்கூட இத்தனை தண்டனை இருக்காது என்று தோன்றும். ஓட்டை வேறிடத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த இடக்கைக் குழந்தைகளில் பலர் அடித்துத் திருத்தப்பட்டு வலக்கையர் கணக்கில் சேர்ந்துவிட்டவர்கள். எனவே முதியோரிடையே இடக்கையர் குறைவாகத் தெரிந்தார்கள். இடக்கையர் என்று பதிவானோர் பெரும்பாலும் பின்னால் பிறந்த இளையவர்கள். இளையோர் அதிகமுள்ள கூட்டத்தில் இறந்தோரின் சராசரி வயது குறைவாகத்தானே வரும்?

அப்படித் திருத்தப்பட்டவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, அவர்கள் வலக்கையால் எழுதும் நேரத்திலும் வலது மூளையின் இயக்கப் பகுதிகள் சில விடாமல் விழித்திருந்தன. கையைத் திருப்பினார்கள், உள்ளே இருந்தது திரும்பவில்லை.

என் பாட்டி சாப்பிடுவது, திருநீறு இடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் வலக்கையால். எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் வலக்கையர்தான். மொட்டை மாடியில் காயும் வடகத்தைக் காகம் கொத்த வரும்போது மட்டும், சட்டென்று கல்லைப் பொறுக்கி எறிவது இடக்கை.