தேடியும் கிடைக்காதபோது மாறும் கணக்கு

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து பெரியவர்கள் மூவரும் இறந்துவிட, உயிர் பிழைத்த நான்கு பழங்குடிக் குழந்தைகள் 40 நாள் கழித்து மீட்கப்பட்டனர். அவர்கள் கிடைத்த இடத்துக்கு 20 முதல் 50 மீட்டர் வரை நெருங்கியும் மீட்புக் குழுவினர் முன்பே தவறவிட்டிருந்தார்கள் என்ற செய்தியைப் படித்த வாசகர் ஒருவர், அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டிருந்தார்.

அடர்காட்டில் புதருக்குப் பின்னால் படுத்திருக்கும் குழந்தை எளிதில் கண்ணில் படாது. பயந்துபோன குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்காமல் ஒளிந்துகொள்ளலாம். ஆகவே தேடலைத் திட்டமிடுவோர் காட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நிகழ்தகவுகளைத் தனித்தனியாகக் குறிக்கிறார்கள்: ஆள் அங்கே இருப்பதற்கானது ஒன்று, இருந்தால் கண்ணில் படுவதற்கானது மற்றொன்று. இரண்டாவதற்கான கணிதத்துக்கு, இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்டு கூப்மன் அடித்தளம் இட்டார்.

இந்த இரண்டும் சேரும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைந்தவர் ஆற்றங்கரையில் இருக்க 60 சதவீதமும், மேட்டுக்காட்டில் இருக்க 40 சதவீதமும் வாய்ப்பு என்று கொள்வோம். இருந்தால் கண்ணில் படுவதற்கு 50 சதவீத வாய்ப்புள்ள வகையில் ஆற்றங்கரையைத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், அதன் 60 பாதியாகி 30 ஆகிறது. மேட்டுக்காட்டின் 40 அப்படியே நிற்கிறது. மொத்தமான 70-ஐ நூறாக்கிப் பார்த்தால் ஆற்றங்கரைக்கு 43, மேட்டுக்காட்டுக்கு 57. யாரும் காலே வைக்காத மேட்டுக்காடு முதலிடத்துக்கு வந்துவிட்டது! அங்கும் அதே அளவு தேடிக் கிடைக்காவிட்டால் கணக்கு மறுபடி 60-க்கு 40 என்றாகி, குழு ஆற்றங்கரைக்கே திரும்ப வேண்டும். தேடிய இடத்தையே திரும்பத் தேடுகிறார்களே என்று உறவினர்கள் கோபப்படும்போது இதை யாராவது பொறுமையாக விளக்கினால் நல்லது.

முதல் நிகழ்தகவு, கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும், முன்பு தொலைந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற பதிவுகளையும் பொறுத்தது. அமெரிக்கரான ராபர்ட் கோஸ்டர் இத்தகைய ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் திரட்டி, சிறு குழந்தைகள், மறதி நோயாளிகள், மலையேறிகள் என வகை பிரித்திருக்கிறார். நம் நாட்டில் மை போட்டுப் பார்ப்பவரிடம் பணத்தையும் நேரத்தையும் இழப்பதை விட்டுவிட்டு, வனத்துறை ஒவ்வொரு நிகழ்வையும் இப்படி எழுதி வைக்க நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொலம்பியாவில் காலடித் தடமும் கடித்துப் போட்ட பழமும் கிடைத்தபோதெல்லாம் தேடும் பகுதி மாறியது. குழந்தைகளின் பாட்டி, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படி ஹுய்டோட்டோ மொழியில் பேசிய பதிவை ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள். ஏனெனில் நடந்துகொண்டே இருப்பவர் தேடி முடித்த பகுதிக்குள் வந்துவிட்டால், மேலே போட்ட கணக்கு முழுவதும் பிசகிவிடும்.