முருங்கைக்கீரைக்கு எட்டுத் தடவை

சனிக்கிழமை காலை மொரீஷியஸின் கத்ர் போர்ன் சந்தைக்குப் போனால் ஒரு கட்டு 'ப்ரேத் முரும்' வாங்காமல் திரும்புவதில்லை. முரும் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம முருங்கைதான். இங்கத்திய கிரியோல் மொழியில் வால் அறுந்து முரும் ஆகிவிட்டது. பீர்க்கங்காய் இங்கே பிப்பங்காய், ரசம் ராசோன். தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துபோன தீவில் கறிகாய்க் கூடைக்குள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. ஆனால் என் வீட்டில் நாலு வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் வாய்க்குள் மட்டும் இந்த முரும் போகமாட்டேன் என்கிறது.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பூண்டும் வெங்காயமும் தட்டிப்போட்டு, கீரையை ஒரு கொதி விட்டு இறக்கிய சாறு. இங்கே 'புயோன் ப்ரேத்' என்பார்கள். சோற்றின் மேல் ஒரு கரண்டி ஊற்றினேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு இலையாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டினாள். பதினோரு இலை. பிறகு வெறும் சோற்றைச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த என் மாமியார், "கீரையை முடிச்சாத்தான் அலூடா" என்றார். சப்ஜா விதையும் கடற்பாசியும் மிதக்கும் அந்த இனிப்புப் பாலுக்காக இந்த ஊர்க் குழந்தைகள் எதையும் செய்யும். பெண்ணும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு இலையை விழுங்கினாள்.

அன்றைக்கு ஜெயித்தது கீரை இல்லை, அலூடாதான். ஏன் என்று புரிய, நாக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு நீர் வைத்தால் முகம் தளரும், சப்புக் கொட்டும். கசப்பை வைத்தால் வாயைக் கோணி, நாக்கை வெளியே தள்ளும். இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தாய்ப்பால் இனிப்பு, பழுத்த பழம் இனிப்பு. காட்டுச் செடிகளில் இருக்கும் நஞ்சுகளில் பல கசப்பு. அதனால்தான் இனிப்பை அறிய நமக்கு ஒரே ஒரு முக்கிய ஏற்பி (சுவையை உணர்ந்து சொல்லும் புரதம்) போதுமாக இருக்கிறது, கசப்பைப் பிடிக்கவோ சுமார் 25 வகை ஏற்பிகள் காவல் நிற்கின்றன.

அந்தக் காவலும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் 'ஐயோ, என்ன கசப்பு' என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பின்னால் தெரிந்தது. காரணமான மரபணுவுக்கு டாஸ்2ஆர்38 என்று பெயர். இதன் ஒரு வடிவத்தைப் பெற்றவர்களுக்கு முட்டைக்கோஸ், கடுகுக் குடும்பத்துக் கீரைகள் கூடுதலாகக் கசக்கும். முருங்கை பார்க்க மரமாக இருந்தாலும், தாவரவியல் வரிசையில் முட்டைக்கோஸுக்கும் கடுகுக்கும் தூரத்துச் சொந்தம். அவற்றின் கசப்புக்குக் காரணமான அதே வகைக் கந்தகச் சேர்மங்கள் முருங்கையிலும் உண்டு. ஆக, "எனக்குக் கசக்கவே இல்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று பிள்ளையை அதட்டும் அப்பா உண்மையைத்தான் சொல்கிறார். பிள்ளையும் உண்மையைத்தான் சொல்கிறது. இருவர் வாயிலும் இருப்பது வேறு வேறு கீரை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரு வயதில் ஏறக்குறைய எதை ஊட்டினாலும் வாங்கிக்கொண்ட குழந்தை, இரண்டு வயதானதும் திடீரென்று தெரியாத உணவையெல்லாம் ஒதுக்கத் தொடங்கும். இரண்டிலிருந்து ஆறு வரை இது உச்சத்தில் இருக்கும். யோசித்தால் காரணம் விளங்கும். இடுப்பில் இருந்த குழந்தைக்கு எதை ஊட்டலாம் என்று அம்மா பார்த்துக்கொண்டாள். நடக்கத் தொடங்கி, கண்ணில் பட்ட இலையைத் தானே பறித்து வாயில் போடும் வயசு வந்ததும், 'தெரியாததைத் தின்னாதே' என்று உள்ளிருந்தே ஒரு குரல் கேட்பது உயிருக்கு நல்லது. அடம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி இந்தப் பழைய காவல்தான்.

ஆனால் 'தெரியாதது' என்ற பட்டியலிலிருந்து ஒரு உணவை எடுத்துவிட முடியும். அந்த வேலை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அம்மா சாப்பிடும் பூண்டு, சோம்பு போன்றவற்றின் மணம் பனிக்குட நீருக்கும் தாய்ப்பாலுக்கும் போகிறது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சில பெண்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்தார்கள். வேறு சிலர் பால் கொடுக்கும் காலத்தில் குடித்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த கூழை முதல்முறை சாப்பிட்டபோது, கேரட் வாசமே அறியாத குழந்தைகளைவிடக் குறைவாக முகம் சுளித்தன.

சரி, நான் கர்ப்பமாக இருந்தபோது முருங்கை சாப்பிட்டேனா? வாந்தியில் எதுவும் சாப்பிடவில்லை, அதை விடுங்கள். விட்டதைப் பிடிக்க வழி இருக்கிறது.

2007இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏழு மாதக் குழந்தைகளின் அம்மாக்கள் 49 பேரிடம், 'உங்கள் குழந்தை துப்பித் தள்ளும், இனிமேல் கொடுக்கவே வேண்டாம் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்ட காய் எது?' என்று கேட்டார்கள். அந்தக் காயையே ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டுத் தடவை கொடுக்கச் சொன்னார்கள். எட்டாவது தடவைக்குள் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், பிடித்த காயைச் சாப்பிடும் அளவுக்கு இதையும் சாப்பிட்டன. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் 63 சதவீதம் பேர் விடவில்லை. சாதாரணமாக நாமெல்லாம் மூன்றாவது, நாலாவது தடவையிலேயே கைகழுவிவிடுகிறோம். என் பெண்ணைப் போல நாலு வயசு ஆகிவிட்டால் எட்டு போதாமல் பத்து, பதினைந்து தடவைகூட ஆகலாம்.

ஒரு தடவை என்றால் ஒரு கிண்ணம் இல்லை. ஒரு வாய், அதற்கும் குறைவாக நாக்கில் பட்டால்கூடப் போதும். துப்பினாலும் கணக்கில் சேரும். மூளைக்கு வேண்டியது சுவையும், அதன்பின் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தியும். அதனால்தான் கீரையை அரைத்து மாவில் மறைத்து வைக்கும் வித்தையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சத்து உள்ளே போகும், சரி. ஆனால் அந்தச் சுவை அவளுக்கு அறிமுகமே ஆகாது. நாளைக்கு அதே இலையைத் தட்டில் பார்த்தால் மறுபடி விளிம்பில்தான் ஒட்டுவாள்.

இப்போது அலூடாவுக்கு வருவோம். 'இதை முடித்தால் அது' என்று சொல்லும்போது குழந்தையின் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: கூலி கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்றால் இது மோசமான சாமானாகத்தான் இருக்கும். இதை 1980களில் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்த குழந்தைகளுக்குப் பின்னால் அந்தப் பானமே பிடிக்காமல் போனது. வற்புறுத்தலும் அப்படித்தான். அவரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 'சூப்பைக் குடி, குடி' என்று சொல்லப்பட்ட குழந்தைகள், யாரும் ஒன்றும் சொல்லாதவர்களைவிடக் குறைவாகக் குடித்து, அதிகமாகக் குறைசொன்னார்கள். தடைபோட்டாலும் வம்புதான்: ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடாதே என்றால், குழந்தைக்கு அதன் மேல்தான் கண் போகும்.

எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொரு ஆய்வு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று வயசுக் குழந்தைகளின் தட்டில் எவ்வளவு வைத்தாலும் தங்கள் பசிக்கு ஏற்பச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். ஐந்து வயசுக் குழந்தைகளோ அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். வயிறும் குடலும் ஹார்மோன்கள் வழியாக மூளைக்கு 'போதும்' என்று சொல்ல ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளை அதைக் கேட்கிறது. 'ஒரு பருக்கை மிச்சம் வைக்காதே' என்று நாம் தினமும் சொல்லச் சொல்ல, வயிற்றின் பேச்சைவிடத் தட்டின் பேச்சு பெரிதாகிவிடுகிறது. சோற்றை வீணாக்கக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். அதற்கு முதலில் குறைவாகப் பரிமாறினால் போயிற்று.

எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதை எளிமையாகப் பங்கு பிரித்தார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெற்றவர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, அந்த வேளைக்குச் சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது, அத்தையின் எதிரில் கடைப்பிடிப்பது அவ்வளவு எளிதில்லை. (பிள்ளை எடை குறைந்துகொண்டே போனாலோ, நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாவிட்டாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.)

மூத்தவன் கதை வேறு. பதினாலு வயசு. பள்ளி முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து பஸ் நிலையத்தில் ஒரு கிண்ணம் புலெத் (ஆவியில் வேகவைத்த உருண்டைகள்), கையில் ஒரு கோலா. காலையில் எழுப்பினால் பசியில்லை என்பான். அதில் பொய் இல்லை. பருவ வயதில் உடம்பின் கடிகாரம் ஓரிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ராத்திரி தூக்கம் வராது, காலையில் வயிறு விழிக்காது. வளர்த்தி வேகமாக இருப்பதால் சாயங்காலப் பசியும் நிஜம். மூளையில் இன்பத்தைத் தேடும் பகுதி முழு வேகத்தில் ஓட, 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். 'நாற்பது வயசில் சர்க்கரை வரும்' என்று அவனிடம் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி. இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர். அவனுக்கும் தெரியும், ஆனால் தொடுவதில்லை.

அவனைத் தொட்டது வேறொன்று. டெக்சஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவுக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். இன்னொரு பிரிவுக்கு, உணவுக் கம்பெனிகள் உங்களை எப்படி ஏமாற்றிப் பழக்கப்படுத்துகின்றன என்ற கதை. மறுநாள் இரண்டாவது பிரிவினர்தான் குப்பைத் தீனியைக் குறைவாக எடுத்தார்கள். பெரியவர்களிடம் ஏமாறக் கூடாது என்பது அந்த வயசின் ரோஷம். ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் முயன்றேன். பாடம் எடுக்கவில்லை, சமையலறைத் தராசையும் சர்க்கரை டப்பாவையும் அவன் முன்னால் வைத்து, 330 மில்லி கோலாவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஒரு கிளாஸில் போடு என்றேன். டின்னைத் திருப்பிப் படித்தான்: 35 கிராம். ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கொட்டி ஒன்பதை நெருங்கியபோதுதான் தராசு நின்றது. நாள் முழுவதுக்கும் பெரியவர்களுக்கே சுமார் 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் அதில் பாதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். "இதை விக்கிறவன் வீட்டுப் பிள்ளை இதைக் குடிக்குமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கரும்பாலேயே வாழ்ந்த இந்தத் தீவில், பானத்தில் உள்ள சர்க்கரையின் கிராம் கணக்குப் பார்த்து 2013இலிருந்து வரி போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

இவனேதான் தைப்பூசக் காவடி வந்தால் பத்து நாள் விரதம் இருக்கிறான். மீன் இல்லை, முட்டை இல்லை. கோயிலில் நண்பர்களோடு வரிசையில் உட்கார்ந்து வாழையிலையில் ஏழு கறியையும் சாப்பிடுகிறான், அதில் பூசணியும் உண்டு. வீட்டில் பூசணியைப் பார்த்தாலே எழுந்து போகிறவன். நாக்கு அதே நாக்குதான். பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் மாறியது.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் அப்படித்தான். 1987இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பைப் பார்த்து மிரண்ட மொரீஷியஸ் அரசு, மலிவு விலை ரேஷன் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அதன் பங்கு பெரிது. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. அதே காத்தோ பிமா (பருப்பில் செய்யும் மிளகாய் வடை), அதே பொரியல், சட்டியில் வேறு எண்ணெய். என் வீட்டுக் கொள்கையும் இப்போது அதுதான். கோலா வீட்டுக்குள் வராது. வெளியே குடித்தால் கேட்பதில்லை. டியூஷன் முடிந்து வருகிற நேரத்துக்கு மேசையில் வெட்டிய அன்னாசி, மேலே மிளகாய் உப்பு. கேட்காமலே காலியாகிறது.

அலூடா இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் உண்டு, கீரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தைக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சின்னவளுக்கு முருங்கை இலையை எண்ணித்தான் போடுகிறேன், பத்து. யாரும் அவள் தட்டைப் பார்ப்பதில்லை, அதாவது பார்க்காத மாதிரி இருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை ஆறாவது தடவை. தட்டை எடுக்கும்போது விளிம்பில் ஏழு இலை ஒட்டியிருந்தது. ஒன்று நாற்காலிக்கு அடியில் கிடந்தது. மற்ற இரண்டும் எங்கே என்று நான் கேட்கவில்லை.